தம்பிக்கு, அந்தச் சாம்பல் நிறக் குதிரையைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

பாப்பாவுக்கு வாங்கப் போவதாக நேற்றிரவு நீ அனுப்பிய குதிரைப் படத்தை நான்கைந்து முறை எடுத்துப் பார்த்தேன். அழகான குதிரைதான். சாம்பல் நிறம், பின்னிவிட்ட பிடரி, நான்கு வயது. "பாப்பாவும் அதுவும் சேர்ந்தே வளரட்டும்" என்று கீழே எழுதியிருந்தாய். அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. இதே ஆசையோடு இன்னும் பல அப்பாக்கள் இருப்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நம் வீட்டில் குதிரை என்றாலே டர்பன் ஜூலைதான். 1897 முதல் இங்கே தென்னாப்பிரிக்காவில் நடக்கும் குதிரைப் பந்தயம்; நமக்கோ தாத்தாவின் வெள்ளைச் சட்டையும் கிரேவில் மைதானத்து வேலியும். காது விறைத்து நிற்கிறதா, தோல் மினுங்குகிறதா, கால் தரையில் நிலைகொள்ளாமல் துடிக்கிறதா என்றுதான் அவர் நமக்குக் குதிரை பார்க்கக் கற்றுக்கொடுத்தார். பந்தயத்துக்கு அந்தக் கண் சரி. பயந்த பிள்ளைக்குக் குதிரை தேடும்போது அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. அந்தக் கண் எதை ஏறெடுத்தும் பார்க்காதோ, அதுதான் பாப்பாவுக்கு வேண்டிய குதிரை.

நானும் அந்தக் கண்ணோடு போனவள்தான். பெரியவளுக்கு ஒன்பது வயதில் ஐந்து வயதுச் செந்நிறக் குதிரை ஒன்றை வாங்கினேன். விற்றவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டுப் பெரிய பையனோடு அது பசுவாகத்தான் இருந்தது. என் மகள் ஏறினாள். பயந்த பிள்ளை என்ன செய்யும்? மூச்சைப் பிடித்துக்கொள்ளும், முன்னால் குனியும், கால்களால் விலாவை இறுக்கும், கைகளால் கடிவாள வாரை இழுக்கும். குதிரைக்குக் கால் இறுகினால் "போ", வார் இழுபட்டால் "நில்". ஒரே நேரத்தில் இரண்டையும் சொன்னால் அனுபவமில்லாத குதிரை என்ன செய்யும்? நான்கு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தது, ஒரு துள்ளு துள்ளியது. மணிக்கட்டு ஆறு வாரத்தில் கூடியது. அவள் மறுபடி சேணத்தைத் தொட ஒன்றரை ஆண்டு ஆனது.

அதன்பின் வந்ததுதான் ரூய்போஸ். பதினெட்டு வயது, குழிந்த முதுகு, தொங்கும் கீழுதடு. மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தவன். என் மகள் தப்பாகச் சொன்னால் அவன் எதுவும் செய்யமாட்டான், நின்றுவிடுவான். அந்த ஒரு குணத்துக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். அதனால் பத்து வயதுக்குக் குறைந்த எதையும் பார்க்காதே. பதினைந்து, பதினெட்டு என்றால் முகம் சுளிக்காதே. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்தச் சிறு குதிரைகள் இருபத்தைந்தைத் தாண்டியும் இருக்கும்.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. நீ ராண்டை எண்ணிக் கொடுக்கிறாய், தாராளமாகப் பார். மேல்வரிசை முன்பற்களில் கடைசிப் பல்லில் பத்து வயதளவில் ஈறோரம் ஒரு பள்ளக்கோடு தோன்றும். பதினைந்தில் பாதிப் பல்வரை இறங்கும், இருபதில் நுனியைத் தொடும். துல்லியக் கணக்கல்ல, ஆனால் "எட்டு வயதுதான்" என்பவரின் முகத்தைப் பார்க்க அது போதும்.

உயரம்? "வளர்ந்துவிடுவாள்" என்று பள்ளிச் சீருடை வாங்குவதுபோல வாங்காதே. எட்டு வயதுச் சிறுமிக்குப் பன்னிரண்டு கை உயரம் தாராளம். ஒரு கை என்றால் நான்கு அங்குலம். பாசோத்தோ, நூய்ட்கெடாக்ட் என்ற இந்நாட்டுக் குதிரை வகைகளைப் பலர் புகழ்வார்கள், புகழட்டும். பாறையிலும் பள்ளத்திலும் கால் தவறாதவை. ஆனால் பெரும்பாலும் பதினான்கு கையைத் தொடும். பாப்பாவுக்கு அங்கிருந்து தரை வெகுதூரம்.

பார்க்கப் போகும்போது ஒரு நிபந்தனை வை: நாங்கள் வரும்வரை குதிரையைத் தொடக் கூடாது. போய்ச் சேரும்போது அது சேணத்தோடு, வியர்த்த கழுத்தோடு நின்றால் காலையிலேயே ஓட்டிக் களைக்க வைத்திருக்கிறார்கள் என்று பொருள். புல்வெளியில் அதைப் பிடிப்பதைப் பார். குளம்பைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறதா பார். முதலில் அவர்கள் பிள்ளை ஏறட்டும், பிறகு பயிற்சியாளர், கடைசியில்தான் பாப்பா. ஹடீடா பறவைகள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு போகும்போது, சாலையில் டாக்சி ஹாரன் அடிக்கும்போது அது என்ன செய்கிறது என்று கவனி. தீபாவளியும், நவம்பர் 5-இல் கை ஃபாக்ஸ் வெடிநாளும் அடுத்தடுத்து வருகிற ஊர் நம்முடையது. வெடிச் சத்தத்துக்கு எப்படி இருக்கும் என்று வாய்விட்டுக் கேள். (நம் வீட்டுப் பிள்ளைகள்தான் முதலில் வெடிப்பார்கள் என்பது வேறு கதை.)

பிடித்துப்போனால் விற்பவரின் மருத்துவரை விட்டுவிட்டு வேறொருவரைக் கூப்பிடு. பரிசோதனையோடு ரத்தமும் எடுத்து வைக்கச் சொல். மயக்க மருந்தால் அமைதியான குதிரைகளும் உண்டு. அதன் பாஸ்போர்ட்டில், அதாவது அடையாளப் புத்தகத்தில், ஆப்பிரிக்கக் குதிரை நோய்த் தடுப்பூசிப் பக்கத்தைப் புரட்டு. இரண்டு குப்பி மருந்து, மூன்று வார இடைவெளியாவது விட்டு, ஆண்டுதோறும். இங்கே ஹோவிக்கில் முதல் உறைபனியோடு அந்த நோயைப் பரப்பும் குறுங்கொசுக்கள் அடங்கிவிடும். உன் கடலோரப் பக்கம் உறைபனி ஏது? கோடைக் கடைசியில் பொழுது சாயுமுன் லாயத்தில் அடைத்தாக வேண்டும். அதை யார் செய்வார்கள் என்று இப்போதே முடிவு செய்.

வாங்குமுன் மூன்று மாதம் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேள். நல்ல கிழக் குதிரைகள் விளம்பரத்துக்கே வருவதில்லை. ஒரு பிள்ளை வளர்ந்ததும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

இன்னொன்று, சொல்லத்தான் வேண்டும். போன மாதம் பயிற்சியின்போது நீ வேலியைப் பிடித்துக்கொண்டு "பார்த்து, பார்த்து" என்று கத்திக்கொண்டே இருந்தாய். ஒவ்வொரு "பார்த்து"க்கும் அவள் தோள் காதுவரை ஏறியது. அடுத்த முறை காரில் உட்கார்ந்து செய்தித்தாள் படி.

சனிக்கிழமை அவளை இங்கே கூட்டி வா. ஓட்ட வேண்டாம். ரூய்போஸுக்கு இப்போது இருபத்து மூன்று. மதியம் பாதி நேரம் மரத்தடியில் உறங்குகிறான். அவன் வாலைச் சிக்கெடுக்க ஆள் தேவைப்படுகிறது என்று மட்டும் அவளிடம் சொல்.

அன்புடன்,
அக்கா