முதுகில் வலியா, காலில் வலியா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தீராத முதுகுவலிக்கு ஆபரேஷனா, மனப்பயிற்சியா என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். அக்கறையோடு எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால் இரண்டு வேறு நோய்களை ஒரே தராசில் வைத்து நிறுத்திருக்கிறது. எங்களைப் போன்ற பிசியோதெரபிஸ்ட்கள் முதலில் கேட்கும் கேள்வி அதில் இல்லை: வலி இடுப்பில் அதிகமா, காலில் அதிகமா?

முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்தினால் காலில்தான் வலி அதிகம் இருக்கும். பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாகக் கெண்டைக்கால், பாதம் வரை சுரீரென்று இறங்கும். இருமினாலும் தும்மினாலும் கூடும். மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்த்தால் 30 டிகிரிக்கும் 70 டிகிரிக்கும் இடையில் முட்டிக்குக் கீழே இழுக்கும். இந்த வலிக்கு மைக்ரோடிஸ்கெக்டமி, அதாவது நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுக்கும் சின்ன ஆபரேஷன், நன்றாகவே வேலை செய்கிறது. 2007-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 6 முதல் 12 வாரம் கால்வலியோடு இருந்த 283 பேரில் ஒரு பகுதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மற்றவர்களைப் பொறுத்திருக்கச் சொன்னார்கள். ஆபரேஷன் பக்கம் தேற ஏறக்குறைய 4 வாரம், பொறுத்திருந்த பக்கம் 12 வாரம். ஆண்டு முடிவில் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பொறுத்திருந்தவர்களிலும் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷனுக்குப் போனவர்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

பிதுங்கிய ஜவ்வைப் பெரும்பாலும் உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும். அதிலும் பெரிதாகப் பிதுங்கியதும் துண்டாக உடைந்து வந்ததும்தான் கூடுதலாகச் சுருங்கும். ஆகவே இந்த ஆபரேஷன் பெரும்பாலும் வாங்கித் தருவது காலத்தை. அது சின்ன விஷயமா என்றால், யாருக்கு என்று கேட்க வேண்டும். மேசை வேலை பார்ப்பவர் எட்டு வாரம் தள்ளிவிடுவார். காசிமேட்டில் ஐஸ் பெட்டி இறக்குகிறவருக்கு எட்டு வாரம் என்பது எட்டு வாரக் கூலி. அவர் ஆபரேஷன் கேட்டால் அவசரக்காரர் என்று சொல்லிவிட முடியாது.

இடுப்பில் மட்டும் வலி, காலில் வலியே இல்லை என்றால் கதையே வேறு. இங்கே பேசப்படுவது பியூஷன். நம் பக்கத்துப் பேச்சில் 'கம்பி வெக்கிறது'. ஸ்க்ரூவும் கம்பியும் போட்டு இரண்டு எலும்பை ஒன்றாக்குவது. எலும்பு நழுவி நிற்பது, முறிவு, சீழ், கட்டி போன்ற காரணங்களுக்கு அது தேவைப்படலாம். வெறும் தேய்மானத்துக்கு? 2005-ல் வந்த பிரிட்டன் ஆய்வில் 349 பேரைப் பிரித்து, ஒரு பக்கத்துக்குப் பியூஷன், மறு பக்கத்துக்கு மூன்று வாரம் தினசரி உடற்பயிற்சியும் வலி பற்றிய பயத்தைக் குறைக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஒரு அளவுகோலில் பியூஷன் பக்கம் சின்ன முன்னிலை. மற்றவற்றில் வித்தியாசம் இல்லை. இறுக்கிய முதுகெலும்புக் கணு அசையாது என்பதால் மேலும் கீழும் உள்ள கணுக்களுக்குச் சுமை கூடுகிறது. பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு எலும்பு சரியாக ஒட்டாமல் போகலாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குப் புண்ணில் சீழ் பிடிக்கலாம். கட்டுரை இதைத் தொடவே இல்லை.

ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுப்பது இன்னொரு வம்பு. வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை, 33 ஆய்வுகளிலிருந்து தொகுத்து 2015-ல் வெளியிட்டார்கள். இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் எண்பது வயதில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. 'எல்4-எல்5 பல்ஜ்', அதாவது இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவில் ஜவ்வுப் பிதுக்கம், என்ற வரியைப் பார்த்ததும் 'ஜவ்வு வெளியே வந்துடுச்சாம்' என்று வீடே பயந்துபோகிறது. கால்வலி எந்த நரம்பின் வழியில் இறங்குகிறதோ அந்த நரம்பில்தான் ஸ்கேனிலும் அழுத்தம் தெரிய வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் அந்த பல்ஜை எடுத்தும் வலி நிற்காது.

இனி மனப்பயிற்சி. 'மனசுலதான் இருக்கு' என்று சொன்ன உடனே 'அப்ப நான் நடிக்கிறேனா?' என்று நோயாளி கொதிப்பது நியாயமே. வலி நிஜம். கொருக்குப்பேட்டை கேட்டில் ரயில் போன பிறகும் மணி அடித்துக்கொண்டே இருந்தால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்: காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் எச்சரிக்கையை நிறுத்தவில்லை. பயம், தூக்கக்கேடு, கடன் கவலை எல்லாம் அந்த மணியை இன்னும் வேகமாக அடிக்கவைக்கும். மனப்பயிற்சியைச் சோதித்ததாகக் கட்டுரை கொண்டாடும் அமெரிக்காவின் கொலராடோ ஆய்வு 151 பேரைக் கொண்டது. பயிற்சி பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு வலி போயிற்று அல்லது போன மாதிரி ஆயிற்று. போலி ஊசி போட்டவர்களில் அது 20 சதவீதம். நல்ல முடிவுதான். ஆனால் முதுகை விடக் காலில் வலி அதிகம் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. சேர்ந்தவர்களின் சராசரி வலியும் பத்துக்கு நாலு அளவுதான். கால் மரத்துப்போனவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தால் அது ஆபத்து.

பயிற்சி என்பது கண்ணை மூடுவது மட்டுமல்ல. நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுவது, காலையும் இரவும் பத்து நிமிடம், இது தொடக்கம். பிறகு வலியைத் திட்டாமல் கவனிப்பது: எரிகிறதா, குத்துகிறதா, இறுக்குகிறதா, இடம் மாறுகிறதா என்று. முக்கியமான பகுதி, பயந்து விட்டுவிட்ட அசைவைத் திரும்பப் பழகுவது. தண்ணீர்க் குடத்தையே எடுத்துக்கொள்வோம். முழுக்குடம் 15 லிட்டர் அளவு இருக்கும். முதல் வாரம் குடமே வேண்டாம். ஸ்டூலில் உட்கார்ந்தபடி மூச்சை விட்டுக்கொண்டே குனிந்து தரையைத் தொட வேண்டும், பத்து முறை, இரண்டு வேளை. அடுத்து நாற்காலி மேல் வைத்த காலிக் குடம். அது பழகியதும் கால் குடம் தண்ணீர், பிறகு அரைக் குடம். ஒவ்வொரு படியிலும் மூன்று, நாலு நாள் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தரையிலிருந்து தூக்குவது. நடையும் அப்படியே: வலி ஏறாமல் பத்து நிமிடம் நடக்க முடிந்தால் எட்டு நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும்.

கெட்டுப்போவது எங்கே என்றால், நல்ல நாளில். 'இன்னிக்குத் தேவலாம்' என்று வீட்டுத் துணி முழுவதையும் துவைத்துவிட்டு மறுநாள் படுத்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் பயிற்சியே தப்பு என்கிறார்கள். நல்ல நாளும் கெட்ட நாளும் ஒரே அளவுதான். மாதக்கணக்கில் பெல்ட் கட்டிக்கொள்வதும் வேண்டாம். முதுகு ஒடிந்துவிடும் என்ற பயத்தைத்தான் பெல்ட் வளர்க்கும். எட்டு வாரத்துக்கு முன் பலன் இல்லை என்று தீர்ப்பு எழுதவும் வேண்டாம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குடத்தைக் கால் அளவு நிரப்பலாம், 50 கிலோ அரிசி மூட்டையைக் கால் அளவு நிரப்ப முடியாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் ஆண் தொழிலாளிக்குப் பரிந்துரைத்த உச்ச சுமையே 55 கிலோ. தள்ளுவண்டியும் மூட்டைக்கு இரண்டு ஆளும் இல்லாத குடோனுக்கே ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டு மூச்சுப்பயிற்சி சொல்லித்தருவது கேலிக்கூத்து. பணமும் ஒரு பக்கமாகவே சாய்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனையில் சேர்ந்து செய்துகொள்ளும் ஆபரேஷனுக்குக் கைகொடுக்கிறது. எட்டு வாரக் கூலியை யாரும் தருவதில்லை. ஏழை ஆபரேஷனைத் தேர்ந்தெடுப்பதில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

காத்திருக்கவே கூடாத சிலதைக் கட்டுரை ஒரு வரியில் முடித்துவிட்டது. சிறுநீர் வராமல் அடைப்பது, வருவதே தெரியாமல் போவது, கழுவும்போது மலவாய்ப் பக்கமும் தொடையிடுக்கும் உணர்வில்லாமல் மரத்திருப்பது, இரண்டு காலும் ஒருசேரத் தளர்வது: இவற்றில் ஒன்று இருந்தாலும் ராத்திரியோ பகலோ, உடனே ஸ்டான்லி அல்லது ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒன்றிரண்டு நாள் தாமதம் ஆயுளுக்கும் சிறுநீர்க் குழாயோடு வாழவைத்துவிடலாம். செருப்பு காலிலிருந்து கழன்று விழுந்தது தெரியாமல் நாலடி நடந்துவிடுவதும் நரம்பு பலவீனம்தான். குதிகாலில் பத்தடி, நுனிக்காலில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். ஒரு பாதம் தொங்கினால் அந்த வாரத்துக்குள் நரம்பியல் அறுவை மருத்துவர் பார்த்தாக வேண்டும். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் அடங்காத ராத்திரி வலி என்றால் முதுகெலும்பில் டிபி இருக்கலாம். அதற்கு மனப்பயிற்சியும் உதவாது, சுளுக்கு எடுப்பதும் உதவாது. முதுகில் ஏறி மிதிக்கவிட்டால் அரித்துப்போன எலும்பு நொறுங்கும். டிபி மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் இதழில் என்று அறிவித்திருக்கிறீர்கள். இந்த அவசர அறிகுறிகளை மட்டுமாவது அதே பக்கத்தில் கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்ட்கள் இருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை