டிரம்முக்குப் போன பாதி

ஐதராபாத்

அன்புள்ள சேகர்,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல்.

என் பாடு இன்னும் அந்த ஏழணு வளையத்தோடுதான். பென்சோடயசிபின், பல தூக்க மாத்திரைகளின் எலும்புக்கூடு. மூன்றாம் கார்பனில் தொங்கும் அமீனால் (நைட்ரஜன் குழு) வலக்கை, இடக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவமும் சரிபாதியாகக் கலந்தே கிடைக்கிறது, வேண்டியதோ ஒன்று. ஒரு கை வடிவம் மட்டுமே உள்ள கைரல் அமிலம் போட்டு உப்பாக்கி, வேண்டியதை வடித்துவிட்டு, மிச்சத்தைக் கழிவு டிரம்மில் கொட்டுவேன். என்ன குட்டிக்கரணம் போட்டாலும் 50 சதவீதம் தாண்டாது. டிரம்மைப் பார்த்தாலே வயிற்றெரிச்சல்.

போன மாதம் பழைய கட்டுரை ஒன்று கையில் சிக்கியது. 1987, மெர்க் நிறுவனத்தின் ரைடர் குழு. கிட்டத்தட்ட இதே வளையம். அமிலம், நம் பூஜைக் கற்பூரத்தின் வாரிசான காம்ஃபர் சல்ஃபோனிக். கூடவே 3 மோல் சதவீதம் (நூறு அமீன் மூலக்கூறுக்கு மூன்று) டைகுளோரோசாலிசிலால்டிஹைடு. சூட்சுமமே அந்தச் சிட்டிகையில்தான். ஆல்டிஹைடு அமீனோடு சேர்ந்து இமீன் ஆனதும், பக்கத்துக் கார்பனின் ஹைட்ரஜன் பிடி தளர்ந்து கழன்று, எந்தப் பக்கமாவது திரும்ப ஒட்டிக்கொள்ளும். கரைசலில் இருப்பதெல்லாம் ஓயாமல் கை மாறியபடி இருக்கும். ஒரு கையின் உப்பு மட்டும் கரையாமல் படிகமாக இறங்க இறங்க, மற்றது மாறி அந்த இடத்தை நிரப்பும். அவர்களுக்கு 90 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது!

அதை நம்பி இறங்கி முதல் தடவை மண்ணைக் கவ்வினேன். அமிலத்தை அமீனுக்குச் சமமாகப் போட்டுவிட்டேன். இரண்டு நாள் கலக்கியும் அதே பாதி. அமீன் முழுக்க உப்பாகிவிட்டால் ஆல்டிஹைடு எதோடு சேரும்? நமக்குத்தான் உறைக்க இரண்டு நாள். அடுத்த முறை அமிலத்தைச் சற்றே குறைத்து, ஸ்பாட்டுலா நுனியளவு விதைப் படிகம் தூவிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் பிளாஸ்க்கில் பழைய சோறு மாதிரி வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருந்தது. இரண்டு கையையும் பிரித்துக் காட்டும் கைரல் காலம் (column) வழியே ஓட்டினால் ஒரே சிகரம், பக்கத்தில் சின்ன மேடு.

ஒன்றுதான் இடிக்கிறது. இமீனின் மஞ்சள் படிகத்தை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. இரண்டாம் தரம் கழுவினால் நிறம் போகிறது, சரக்கும் கூடவே போகிறது. படிகம் வளர்ப்பதில் நீதானே கைராசிக்காரன். என்ன கரைப்பான் வைத்துக் கழுவலாம் என்று யோசித்து எழுது.

உன்
ரகு