உண்ணப்படாத இரண்டு கிழங்குகள்

அன்புள்ள ராகவா,

உன் கட்டுரை வந்து சேர்ந்ததும், நான் அதைப் படித்துவிட்டு வாய் திறக்காமல் இருப்பதும் பெரியவர் மூலம் உனக்கு ஏற்கெனவே எட்டியிருக்கும். ஆகவே சாக்கு எதுவும் சொல்லப்போவதில்லை. இங்கே அனைவரும் நலம். சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. சம்பளத்தைப் பற்றி மட்டும் கேட்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளையன் வந்தான், நைஜீரியாவின் இக்போ சமூகம் இடிந்தது என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டாய். விடுதிக் காலத்தில் நீ எழுதிய துண்டறிக்கைகளின் வாடை அதில் அப்படியே இருக்கிறது. கீழே 'தோழமையுடன்' என்று கையெழுத்திடாததுதான் குறை. அச்செபேயின் நாவலில் ஒரு வெள்ளையனைக் கொன்றதற்காக அழிக்கப்படும் அபாமே ஊரையும், நிஜத்தில் 1905இல் அஹியாரா அருகே ஸ்டூவர்ட் என்ற ஆங்கில மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு சுற்றுவட்டார ஊர்கள் அனைத்தின் மீதும் படை ஏவப்பட்டதையும் சேர்த்து எழுதியிருக்கும் பக்கம் அருமை. அதில் கை வைக்காதே.

மற்றவற்றில் எனக்குச் சண்டை இருக்கிறது. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1958இல் வெளியிட்ட 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நாவலை அதன் நாயகன் ஒக்கொங்வோவின் தோளில் உட்கார்ந்துகொண்டு படித்திருக்கிறாய். நெக்கா என்ற பெண் உன் கண்ணில் படவே இல்லை. நான்கு முறை கருவுற்று, நான்கு முறையும் இரட்டைப் பிள்ளைகளைப் பெற்று, இரட்டையர் தீட்டு என்று அவை ஒவ்வொரு முறையும் உடனே எறியப்பட்டதைப் பார்த்தவள், ஐந்தாம் முறை நிறைவயிற்றோடு ம்பாண்டா ஊரின் புதுத் தேவாலயத்துக்குள் போய்விடுகிறாள். கணவன் வீட்டாரோ விட்டது தொல்லை என்று நிம்மதி அடைகிறார்கள். அவளுக்குப் பின்னால், தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டதாலேயே ஊரோடு சேரவும் முடியை வெட்டவும் உரிமையற்றிருந்த ஓசு மக்கள் வருகிறார்கள். தலையை மழித்துக்கொண்டு, புதிய மதத்தின் மிக உறுதியான அடியார்களாக மாறுகிறார்கள். தன் வீட்டில் வளர்ந்து, அப்பா என்று தன்னை அழைத்த சிறுவன் இகெமெஃபுனாவை ஒக்கொங்வோ தன் கையாலேயே வெட்டியதை மறக்க முடியாத அவன் மகன் நுவோயேவும் அங்கேதான் போகிறான். இவர்களை யாரும் துப்பாக்கி முனையில் இழுத்துச் செல்லவில்லை. உள்ளே அடைத்து வைக்கப்பட்டிருந்த அழுகைக்கு வெளியே ஒரு கதவு திறந்தது, அவ்வளவுதான். இதைச் சொன்னால் காலனி ஆட்சிக்கு வக்காலத்து வாங்குவதாகிவிடும் என்று நீ பயப்படுகிறாய். அச்செபே பயப்படவில்லை, இத்தனைக்கும் அவர் கிறிஸ்தவ உபதேசியாரின் மகன், இரு பக்கத்துக் கூரையும் ஒழுகுவதைப் பார்த்து வளர்ந்தவர்.

தேவாலயத்தைவிட எனக்குப் பெரிய அச்சம் தருவது நீதிமன்றம். ஒக்கொங்வோவின் ஊரான உமுவோஃபியாவின் ஆறு தலைவர்களைப் பேச்சுவார்த்தை என்று அழைத்துப் பூட்டி வைத்து, ஆங்கில மாவட்ட ஆணையர் விதித்த தண்டம், அங்கே பணமாகப் புழங்கிய சோழி 200 மூட்டை. ஊருக்கு வந்து தகவல் சொன்ன நீதிமன்றச் சேவகர்கள் 250 என்றார்கள். அந்த ஐம்பது மூட்டையைப் பற்றி நீ ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும். ஆணையருக்கு ஊரின் மொழி தெரியாது, ஊருக்கு ஆணையரின் சட்டம் தெரியாது. இடையில் நிற்கிறவன் இருவரிடமும் அதிகாரம் செய்கிறான். நம் தாலுகா அலுவலகத்துப் படிக்கட்டை நினைத்துக்கொள், உனக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது, உண்மையில், அச்செபே 1964இல் எழுதிய 'ஆரோ ஆஃப் காட்' நாவல். நீ அதை ஓர் அடிக்குறிப்பில் தள்ளியிருக்கிறாய், ராகவா! தயவுசெய்து மறுபடியும் படி. உமுவாரோவின் ஆறு ஊர்களுக்கும் பொதுவான உலு தெய்வத்தின் தலைமைப் பூசாரியான எசெயுலு, பன்னிரண்டு புனிதக் கிழங்குகளை வைத்திருந்து, ஒவ்வோர் அமாவாசைக்குப் பிறகும் மூன்றாம் பிறையைக் கண்டதும் ஒன்றைச் சுட்டு உண்கிறார். எஞ்சியிருக்கும் கிழங்கைக் கணக்கிட்டுத்தான் புதுக்கிழங்குத் திருவிழாவை அறிவிக்க முடியும், திருவிழா நடந்தால்தான் ஊரார் அறுவடை செய்ய முடியும். அரசனே இல்லாமல் வாழ்ந்து பழகிய அந்த மக்களுக்கு ஒரு தலைவனை நியமித்தே தீர வேண்டும் என்று ஆங்கில நிர்வாகம் முடிவு செய்கிறது, மாவட்ட அதிகாரி காப்டன் வின்டர்பாட்டம் எசெயுலுவைத் தேர்ந்தெடுக்கிறார், அவர் மறுக்கிறார். என்ன குற்றம் என்று எழுதுவதே தெரியாமல் இளம் அதிகாரி ஒருவர் அவரை அரசு அலுவலகம் இருக்கும் ஒக்பெரியில் அடைத்து வைக்கிறார். அந்தச் சிறைவாசத்தில் இரண்டு பிறைகள் கடந்து போகின்றன. இரண்டு கிழங்குகள் உண்ணப்படாமல் கிடக்கின்றன.

ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை, ஆனாலும் ஒரு சமூகத்தின் ஆண்டுக் கணக்கு அறுந்துவிட்டது. கிழங்கு மண்ணிலேயே கெடுகிறது, பஞ்சம் வருகிறது. பாவம் எங்கள் தலையில் விழட்டும், அவற்றை இன்றே உண்டுவிடும் என்று பெரியவர்கள் பத்துப் பேர் கெஞ்சியும் எசெயுலு இறங்கி வரவில்லை. தெய்வத்தின் ஆணையா, தன்னைத் தனியே சிறைக்கு அனுப்பிவிட்டு வேடிக்கை பார்த்த ஊரின் மீது கொண்ட வஞ்சமா என்பதை நாவல் பிரித்துக் காட்டுவதில்லை. அந்தப் பிரிக்க முடியாமையில்தான் நான் பல இரவுகள் மாட்டிக்கொண்டேன். உலு தெய்வமே அடிமை வேட்டைக்காரர்களிடமிருந்து தப்ப அந்த ஆறு ஊர்களும் கூடி உருவாக்கியதுதானே! தாங்கள் உண்டாக்கிய தெய்வத்தின் விதியைத் தாங்களே தளர்த்தும் துணிவு அவர்களுக்கு ஒரு காலத்தில் இருந்திருக்கும். அரசாங்கம் பூசாரியைத் தொட்டதும் விதி மட்டும் இறுகி, துணிவு போய்விட்டது. உபதேசியார் குட்கன்ட்ரி அந்த நேரம் பார்த்து, தேவாலயத்துக்குக் காணிக்கை கொடுத்துவிட்டு அறுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். பசியிலிருப்பவர்கள் தம் மகன்களின் கையில் கிழங்கைக் கொடுத்து அனுப்புகிறார்கள். மதமாற்றம் என்று நீ எழுதியிருக்கும் அத்தியாயத்துக்குள் இந்த அறுவடைக் கணக்கு வராவிட்டால் அது வெறும் முழக்கம்.

இன்னொன்று. உன் கட்டுரையில் பெண்களே இல்லை. எசெயுலு மறுத்த அதே நியமனத் தலைவர் பதவியை ஏற்றுக்கொண்டவர்களுக்கும் அவர்கள் உட்கார்ந்த நீதிமன்றங்களுக்கும் எதிராக 1929இன் இறுதியில் எழுந்தவர்கள் பெண்கள்தான். வரி விதிக்கப்போகிறார்கள் என்ற அச்சத்தில் ஒலோகோ என்ற ஊரில் தொடங்கிய அந்தக் கிளர்ச்சியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நைஜீரிய எழுத்தாளர் எச்செவாவின் 1992ஆம் ஆண்டு நாவல் அதைப் பேசுகிறது. இன்னொரு நைஜீரியப் பெண் எழுத்தாளர் புச்சி எமெசெட்டா 1979இல் எழுதிய நாவலின் நாயகி நுனு எகோவையும் பார்: லாகோஸில் வெள்ளைக்காரரின் உள்ளாடைகளைத் துவைத்துப் பிழைக்கும் கணவனைக் கண்டு அவள் கூசுவதில், உமுவோஃபியாவின் ஆண்மைப் பெருமைக்கு நகரத்தில் என்ன கதி நேர்ந்தது என்பது முழுவதும் இருக்கிறது. எமெசெட்டாவின் பிரதி என்னிடம் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன். பெரியவரிடம் கொடுத்துவிடாதே, அவரிடம் போன புத்தகங்களின் வரலாறு உனக்கே தெரியும்.

கட்டுரையை அச்சுக்குக் கொடுத்துவிட்டாயா? இல்லையென்றால் நிறுத்தி வை, ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசியில் மீதிச் சண்டையைப் போடுவோம்.

அன்புடன்,
வேலு