கேட்டவர்களுக்கும், கேள்வி கேட்டவர்களுக்கும்

அண்ணன்மார், அக்கா தங்கச்சிகள், ஐயாமார் எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் ராப் ஆல்பம் போன வெள்ளிக்கிழமை வெளியே வந்துவிட்டது. 9 பாட்டு, 36 நிமிடம். மதுரை செல்லூரில் அந்த மொட்டை மாடியில் பாய் விரித்து உங்களுக்குப் போட்டுக் காட்டிய ஆல்பம் இது இல்லை என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு, வேலையெல்லாம் முடிந்தது, பாராட்டு வாங்குவதுதான் பாக்கி என்ற நினைப்பில் நாங்கள் மூன்று பேரும் ஓரமாக நின்றுகொண்டிருந்தோம். நீங்கள் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தீர்கள். முடியும்போது இரவு பதினொன்று தாண்டிவிட்டது. வீட்டுக்குப் போகிற வழியில் எங்களுக்குள் ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் காலையில் உட்கார்ந்து, சொன்னது அத்தனையையும் ஒரு நோட்டில் எழுதினோம். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி தூய்மைப் பணியாளர் அக்காவுக்கு.

பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் செத்தவர்களைப் பற்றிய பாட்டு, நான்காவது. அது ஓடி முடிந்ததும் மாடியில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்தார்கள். நாங்கள் எதிர்பார்த்தது அதைத்தான். நீங்கள் மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டீர்கள்: "ஏப்பா, பாட்டு முழுக்கப் பாவம் பாவம்னே சொல்றீகளே, நாங்க என்ன பாவம் செஞ்சோம்? எங்க வீட்டுக்காரரு பதினாலு வருசம் அந்தக் குழிக்குள்ள எறங்குனாரு. அவருக்குத் தெரிஞ்சதுல ஒண்ணாவது உங்க பாட்டுல இருக்கா?"

இல்லை அக்கா. ஒன்றுகூட இல்லை. செய்தியைப் படித்து, வீடியோவைப் பார்த்து எழுதிய பாட்டு அது. அப்புறம் நீங்கள் சொன்னது நோட்டில் அப்படியே இருக்கிறது: "நாத்தம் அடிச்சா மனுசன் சுதாரிச்சுக்குவான். எறங்குன கொஞ்ச நேரத்துல நாத்தம் நின்னுபோச்சுன்னா அப்பத்தான் பயப்படணும். மூக்கு செத்துருச்சுன்னு அர்த்தம்."

பிறகு தேடிப் படித்தோம். ஹைட்ரஜன் சல்பைடு வாயு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடிவிட்டால் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். உள்ளே நிற்கிறவருக்கு நாற்றம் விலகிவிட்டது போலத் தெரியும், அவ்வளவுதான். அந்த வாயுவின் பெயர் உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியாது. அதன் குணம் தெரியும். எங்கள் பாட்டில் கண்ணீர் இருந்தது, அந்த அறிவு இல்லை. பழைய வரிகள் மொத்தத்தையும் அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதினோம். இப்போது அந்தப் பாட்டில் 'பாவம்' என்ற சொல் ஓரிடத்திலும் கிடையாது.

அதே பாட்டில் இன்னொரு பிழையைச் சங்கத்துப் பெரியவர் பிடித்தார். செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று பாடியிருந்தோம். 2014ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தொகை அது. 2023 அக்டோபர் தீர்ப்பில் அது 30 லட்சம் ஆகிவிட்டது. உயிர் பிழைத்தும் நிரந்தரமாக முடங்கிப்போனால் குறைந்தது 20 லட்சம். ஐயா, நீங்கள் கோபப்படவில்லை. "உங்க பாட்ட நம்பி ஒரு குடும்பம் பத்தோட நின்னுருச்சுன்னா யாரு தம்பி பொறுப்பு?" என்று மட்டும் கேட்டீர்கள். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. 'பத்து' இருந்த இடத்தில் 'முப்பது' வந்தால் ஓர் எழுத்துக் கூடித் தாளம் இடறும். அந்த ஒரு வரியை மட்டும் பதினோரு தடவை பதிவு செய்தோம். இனி புள்ளிவிவரம் வரும் எந்த வரியையும் உங்களிடம் காட்டாமல் பாடப்போவதில்லை.

தமிழாசிரியர் ஐயாவின் கருத்து எழுதுகிறவன் என்ற முறையில் என்னை நேராகத் தொட்டது. "நீங்க ஓசைய எல்லாம் வரியோட கடைசியிலயே கட்டுறீங்க. அது இயைபு, நல்லதுதான். ஆனா தமிழுக்கு ஓசை முன்னாடி இருக்கு தம்பி. மோனை முதல் எழுத்துல, எதுகை ரெண்டாம் எழுத்துல" என்று சொல்லி, திருப்பரங்குன்றத் திருப்புகழ் ஒன்றின் சந்தத்தைத் தொடையில் தட்டிக் காட்டினீர்கள். ராப்புக்கு அது எப்படிப் பொருந்தும் என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை. எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது. டிரம் விழும் முதல் அடியிலேயே சொல்லும் வந்து விழுகிறது. அக்கா சொன்னதும் நீங்கள் சொன்னதும் சேர்ந்து பிறந்த வரிகள் இவை:

நாத்தம் நின்னா நடுக்கம் வரும்
காத்தும் நின்னா கணக்கு முடியும்

இரண்டு வரிதான். ஆல்பத்தில் நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தவை இவைதான். பாதிக்கு மேல் உங்கள் இருவருடையவை.

மைக்செட் அண்ணே, "அடிவயித்துல இடிக்குது, வார்த்த காதுல விழலயே" என்று நீங்கள் சொன்ன பிறகு ஒன்பது பாட்டையும் மறுபடி மிக்ஸ் செய்தோம். ஸ்டூடியோ ஹெட்போனில் மட்டும் கேட்டு முடிவு எடுத்திருந்தோம். ஆட்டோ ஸ்பீக்கரிலும் இரண்டாயிரம் ரூபாய் போனிலும் கேட்கப்போகிற பாட்டு என்பது உறைக்கவில்லை. அன்றைக்கு நீங்கள், இந்த ராப் பாட்டெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கூடம். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, புதுத்துணி எடுக்கக் காசு வேண்டும் என்று தங்கை ஏற்பாடு செய்த கொண்டாட்டம். அண்ணன் கூல் ஹெர்க் இசைத்தட்டு ஓட்டினார், தாளம் மட்டும் வரும் இடத்தை நீட்டி நீட்டி ஆடவிட்டது அவர்தான் என்று சொன்னோம். "அப்ப அவரும் நம்ம தொழிலா!" என்று உங்கள் முகம் மலர்ந்ததே, அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அன்றைய வாடகையை நீங்கள் வாங்கவில்லை. மறக்கமாட்டோம்.

நெசவுத் தாத்தா ஒரே வாக்கியம் பேசினார். கைத்தறியைப் பற்றிய பாட்டுக்கு நாங்கள் தெருவில் பதிவு செய்த தறிச்சத்தத்தைப் போட்டிருந்தோம். "இது பவர்லூம்யா, கைத்தறி மிதிச்சு, நாடா போயி, அப்புறந்தான் அடிக்கும்." நாடா என்றால் ஊடு நூலைக் குறுக்கே கொண்டுபோகிற கட்டை. மறுவாரம் அவரே ஒரு தறிக்குழிக்கு எங்களை அழைத்துப் போனார். இப்போது அந்தப் பாட்டின் தாளமே அவர் கால் மிதித்ததுதான்.

கல்லூரித் தங்கச்சி எண்ணிக்கொண்டு வந்தாள். "பொம்பளைங்க வர்ற இடம், அம்மா அஞ்சு, காதலி ஒண்ணு, கெட்ட வார்த்தையில மூணு. வேலைக்குப் போற பொம்பள ஒருத்திகூட இல்லண்ணே." சமூகத்தைப் பற்றிப் பாடுகிறோம் என்று சொல்லிக்கொண்ட மூன்று பேருக்கும் தலை குனிந்தது. அந்த மூன்று வார்த்தைகளையும் எடுத்தோம். ஆறாவது பாட்டில் வரும் எட்டு வரியை அவளே எழுதி, அவளே பாடினாள். ஆல்பத்தின் சிறந்த எட்டு வரி அதுதான் என்பது என் தீர்மானமான எண்ணம். தங்கச்சி, அடுத்த ஆல்பத்தில் உன் பாட்டு முழுதாக வரவேண்டும்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த அண்ணனுக்கும் நன்றி. ஏழாவது பாட்டை, டீக்கடையில் தனிக் குவளை வைத்ததைப் பற்றிய பாட்டை, எடுத்துவிட்டால் இன்னும் நிறையப் பேர் கேட்பார்கள் என்றீர்கள். இரண்டு வாரம் பேசினோம் அண்ணே. எடுக்கவில்லை. அந்தக் குவளையில் குடித்தது எங்களில் ஒருவனுடைய அப்பா. அதை நீக்கிவிட்டு அவனோடு ஒரே மைக்கில் பாட எங்களால் முடியாது. ஆனால் நீங்கள் பாதியில் எழுந்து போகவில்லை. கடைசிவரை கேட்டு, எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். அந்த மரியாதை பெரிது. ஏழாவது பாட்டை இன்னொரு தடவை கேளுங்கள், நேரில் பேசுவோம்.

சாதியைப் பற்றிய பாட்டும் உண்டு என்று தெரிந்ததும், பேசி வைத்திருந்த மண்டபம் கைவிட்டுப் போன அன்று, "எம்புட்டுப் பேரு வருவாக? மாடி தாங்கும், வாங்க" என்று கதவைத் திறந்த மதினிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அத்தனை பேருக்கும் நன்னாரி சர்பத்தும் கொடுத்தீர்கள்.

திருத்திய ஆல்பத்தை வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே மாடியில் முழுதாகப் போடுகிறோம். போன தடவை ராத்திரியில் வைத்ததால், விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வேலைக்குப் போகவேண்டிய அக்கா தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். கூட வேலை செய்கிறவர்களையும் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். வேலை முடிந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள் அக்கா. இந்தத் தடவை மூன்றரை மணிக்கே ஆரம்பிக்கிறோம். வெயிலுக்குப் பந்தல் போட மைக்செட் அண்ணன் ஒத்துக்கொண்டார்.