தீர்ப்புக்கும் ஆணைக்கும் இடைப்பட்ட ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மாற்றுத்திறனாளிகள் அரசுத் துறைகளுக்கு எதிராகத் தொடுக்கும் வழக்குகளில் தீர்ப்பு வரும்போதெல்லாம் தங்கள் நாளிதழ் அதை உரிய முக்கியத்துவத்துடன் வெளியிடுகிறது. தீர்ப்பு வெளியான நாளோடு அந்தச் செய்தி முடிந்துவிடுகிறது; ஆனால் வழக்குத் தொடுத்தவருக்கு அங்கேதான் அடுத்த காத்திருப்பு தொடங்குகிறது. அந்தக் காத்திருப்பை இரண்டு பக்கங்களிலிருந்தும் பார்த்தவன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். இருபத்தாறு ஆண்டுகள் ஓர் அரசுத் துறையின் சட்டப் பிரிவில் பணியாற்றி, துறை மீது தொடரப்பட்ட ரிட் மனுக்களுக்கு (அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரடியாகத் தொடுக்கும் மனுக்கள்), ஒவ்வொரு பத்திக்கும் துறையின் பதிலைக் கூறும் பத்திவாரிக் குறிப்புரை தயாரித்து அரசு வழக்கறிஞருக்கு அனுப்பி வந்தேன். மூளை முடக்குவாதத்தால் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் மகளின் தந்தையும் நானே.

ஓர் அலுவலகத்துக்கு ரிட் மனுவின் நகல் வந்து சேர்ந்ததும் என்ன நடக்கிறது என்பது வெளியிலிருப்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. மனுதாரர் கேட்பது சரியா, சட்டம் அவருக்கு அதைத் தருகிறதா என்று யாரும் முதலில் கேட்பதில்லை. முந்தைய வழக்கொன்றின் குறிப்புரையை எடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றி, 'மனுதாரரின் கூற்று முற்றிலும் மறுக்கப்படுகிறது' என்ற வரியில் தொடங்குவதுதான் வழக்கம். பல வழக்குகளில் நீதிமன்றம் கோரிக்கை சரியா தவறா என்று ஆராயாமல், மனுதாரரின் கோரிக்கையைச் சட்டப்படி பரிசீலித்து 8 வாரத்திலோ 12 வாரத்திலோ ஆணை பிறப்பிக்குமாறு கூறி வழக்கை முடித்துவைக்கும். அலுவலகத்தில் அதற்குப் பொருள், ஏற்கெனவே எழுதிய மறுப்பை இன்னொரு முறை, இம்முறை நீதிமன்ற ஆணையின் எண்ணைக் கடிதத்தின் 'பார்வை' வரியில் குறிப்பிட்டு, எழுதுவது என்பதாகும். 'தங்கள் கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல எனத் தெரிவிக்கலாகிறது' என்ற வரியை என் கையால் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அவற்றுள் மாற்றுத்திறனாளிகளின் மனுக்களும் இருந்தன. அதை இன்று வருத்தத்துடன்தான் நினைத்துப் பார்க்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளுக்குப் பின், 2018-ஆம் ஆண்டில், என் மகள் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காடு இடஒதுக்கீட்டில் ஓர் அலுவலகத்தின் எழுத்தர் பணிக்குத் தேர்வு பெற்றாள். அலுவலகம் முதல் மாடியில் இயங்குகிறது, கோப்புகளைப் பிரிவுக்குப் பிரிவு எடுத்துச் செல்ல வேண்டியுள்ளது, ஆகவே அவர் இப்பணிக்குப் பொருத்தமற்றவர் என்று பணிநியமனத்தை மறுத்தார்கள். மின்தூக்கி இல்லாதது கட்டடத்தின் குறை. அதை அவளுடைய தகுதிக் குறைவாகக் கோப்பில் பதிவு செய்தார்கள். வேலைவாய்ப்பில் எந்த அரசு நிறுவனமும் பாகுபாடு காட்டக் கூடாது என்றும், மாற்றுத்திறனாளி ஊழியருக்குத் தேவையான நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்றும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 20-ஆவது பிரிவு கூறுகிறது. அந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டி நாங்கள் கொடுத்த விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லை.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்தோம். எட்டு மாதங்கள் கழித்து, 12 வாரங்களுக்குள் பரிசீலிக்குமாறு ஆணை கிடைத்தது. பதினான்காவது வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. அதன் வாசகங்களைப் படித்தபோது, யார் எழுதியிருப்பார்கள், எந்தப் பழைய கோப்பிலிருந்து எடுத்திருப்பார்கள் என்றுகூட என்னால் ஊகிக்க முடிந்தது. இரண்டாவது ரிட் மனு, பின்னர் பெருந்தொற்றுக் காலம், 2021-இல் எங்களுக்குச் சாதகமான தீர்ப்பு, அதன்மீது மேல்முறையீடு, அந்த மேல்முறையீட்டையும் குறித்த காலத்துக்குள் செய்யாததால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு, அது தள்ளுபடியான பிறகு நாங்கள் தாக்கல் செய்த நீதிமன்ற அவமதிப்பு மனு என்று ஆண்டுகள் சென்றன. அவமதிப்பு மனு விசாரணைக்கு வருவதற்கு முந்தைய நாள் மாலையில் பணிநியமன ஆணை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்பட்டது. 2023-இல் அவள் பணியில் சேர்ந்தாள். தரைத்தளத்தில் ஓர் அறையைக் காலி செய்து, வாசலில் சிமெண்ட் சாய்தளம் போட்டுக் கொடுத்தார்கள். கொத்தனார் ஒருவரும் சித்தாள் ஒருவரும் இரண்டு நாள் செய்த வேலை அது.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்கு அவளைப் பேருந்தில் அழைத்துச் செல்ல இயலாது. ஒவ்வொரு முறையும் வாடகைக் கார்தான். அணுக முடியாத கட்டடத்தை எதிர்த்து வழக்காடுவதற்கு, அணுக முடியாத பேருந்தைத் தவிர்க்கும் செலவையும் வழக்காடுபவரே ஏற்க வேண்டியிருக்கிறது. வழக்குத் தொடுக்காத பலர் உரிமை இல்லாதவர்கள் என்பதால் ஒதுங்கி நிற்கவில்லை. இந்தச் செலவுக்கும் அலைச்சலுக்கும் வழியில்லாதவர்கள் அவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். அவர்களுள் நீதிமன்றப் படியேற முடிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்தது விதிவிலக்கு என்று கருத வேண்டாம். நாட்டின் முக்கியமான வழக்குகளிலும் இதே கதையைக் காணலாம். பார்வையற்ற ஒருவர் பொதுக் கட்டடங்களிலும் போக்குவரத்திலும் அணுகல் வசதி கோரி 2005-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த ராஜீவ் ரதூரி வழக்கில், 2017 டிசம்பரில்தான் விரிவான தீர்ப்பு வந்தது. அது நிறைவேறுகிறதா என்று நீதிமன்றமே ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க நேர்ந்தது. இறுதியில் 2024 நவம்பர் 8-ஆம் நாள், அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, 2016 சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 2017-ஆம் ஆண்டு விதிகளின் 15(1)-ஆவது விதி அந்தச் சட்டத்துக்கே முரணானது என்று அறிவித்தது. அணுகல் தரநிலைகள் கட்டாயம் என்று சட்டம் கூற, அந்தச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட விதியோ அவற்றை வெறும் வழிகாட்டுதல்களாக மாற்றியிருந்தது. அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் 'வேண்டும்' என்று முடியும் வாக்கியத்துக்கும் 'செய்யலாம்' என்று முடியும் வாக்கியத்துக்கும் உள்ள வேறுபாடு தெரியும். முதலாவதற்கு நிதி ஒதுக்கியாக வேண்டும். இரண்டாவதற்குக் கோப்பை வைத்துக்கொண்டே இருக்கலாம். ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக்க வேண்டும் என்று சட்டத்தின் 45-ஆவது பிரிவு விதித்த கெடு 2022-இலேயே முடிந்துவிட்டது. கட்டாய விதிகளை மூன்று மாதங்களில் வகுக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டபோது, அந்தக் கெடு முடிந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

வேலைவாய்ப்பிலும் இதுவேதான். 2016 சட்டத்துக்கு முன்பிருந்த 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் தந்த 3 விழுக்காடு இடஒதுக்கீட்டை எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றத்தின் தெளிவான விடை 2013 அக்டோபரில்தான் கிடைத்தது. நம் மாநிலத்தின் வழக்கொன்று இதைவிடவும் மனத்தை வருத்துகிறது. தமிழ்நாட்டில் 2014-இல் நடந்த உரிமையியல் நீதிபதித் தேர்வில் பார்வைக் குறைபாடு 40 முதல் 50 விழுக்காடு வரை உள்ளவர்களே தகுதியுடையவர்கள் என்று வரம்பு வைக்கப்பட்டிருந்தது. 70 விழுக்காடு குறைபாடு உடைய ஒருவர் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்று 2019 ஜனவரியில் தோற்றார். இரண்டே ஆண்டுகளில், 2021 பிப்ரவரியில், விகாஷ் குமார் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, நியாயமான வசதி என்ற கோட்பாட்டைக் கணக்கில் கொள்ளாத அந்த 2019 தீர்ப்பு, 2016 சட்டம் வந்த பிறகு பின்பற்ற வேண்டிய முன்னுதாரணம் அல்ல என்று பதிவு செய்தது. பார்வையற்றவர் என்பதற்காக எவருக்கும் நீதித்துறைப் பணியை மறுக்கக் கூடாது என்று 2025 மார்ச் 3-ஆம் நாள் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் தீர்ப்பளித்தனர். ஒரு தாய் எழுதிய கடிதமே வழக்காக எடுத்துக்கொள்ளப்பட்டு அந்தத் தீர்ப்பு வந்தது. 2014-இல் கேட்டவர் கேட்டது சரியே என்று சட்டம் ஒப்புக்கொள்ள 11 ஆண்டுகள் ஆயின.

பேருந்து விஷயத்தைத் தனியே சொல்கிறேன், ஏனெனில் அது எல்லா உரிமைகளுக்கும் வாசல். நகரப் பேருந்துகளின் தள உயரம் 400, 650, 900 மில்லிமீட்டர் என மூன்று வகைப்படும். சக்கர நாற்காலியில் இருப்பவர் பிறர் தூக்காமல், சாய்தளப் பலகை வழியாக ஏறக்கூடியது 400 மில்லிமீட்டர் தளமுள்ள தாழ்தளப் பேருந்து மட்டுமே. போக்குவரத்துக் கழகங்கள் புதிய பேருந்துகளை வாங்கும்போது இவற்றையே வாங்க வேண்டும் என்று கோரி, மாற்றுத்திறனாளி உரிமைச் செயல்பாட்டாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் நெடுங்காலம் வழக்காடினர். சாலைகள் சரியில்லை, மழைக்காலத்தில் நீர் தேங்கும், விலை கூடுதல் என்ற வாதங்கள் அரசுத் தரப்பில் வைக்கப்பட்டன. சாலையைச் செப்பனிடும் பொறுப்பும் மழைநீர் வடிகால் கட்டும் பொறுப்பும் அரசு அமைப்புகளுடையவை என்னும்போது, அந்தக் குறைகளைக் காட்டி ஒரு குடிமகளின் பயணத்தை மறுப்பது எனக்கு என் மகளின் கோப்பில் எழுதப்பட்ட மாடிப்படியைத்தான் நினைவூட்டியது. 2024 ஆகஸ்டில் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கின. அதற்காக வழக்காடியவர்களுக்கும், இறுதியில் அவற்றை வாங்கிய அரசுக்கும் நன்றி கூறுகிறேன். எங்கள் பக்கத்துச் சிற்றூர்ப் பேருந்துகளில் ஏறுவதற்கு இன்றும் உயரமான படிகள்தான். என் மகள் தன் சம்பளத்திலிருந்து ஆட்டோவுக்குக் கொடுத்துத்தான் வேலைக்குப் போகிறாள்.

செய்யக்கூடியவை என்று நான் கருதுபவை புதிய சட்டம் எதையும் கேட்பவையல்ல. ஒவ்வோர் அரசு நிறுவனமும் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்றும், புகாரைப் பதிவு செய்த இரண்டு வாரங்களுக்குள் அவர் விசாரிக்க வேண்டும் என்றும் 2016 சட்டத்தின் 23-ஆவது பிரிவு ஏற்கெனவே கூறுகிறது. எங்கள் ஐந்தாண்டு அலைச்சலில் நாங்கள் ஏறி இறங்கிய எந்த அலுவலகத்திலும் அப்படி ஒருவரின் பெயர்ப்பலகையைக் கண்டதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரின் பரிந்துரை மீது மூன்று மாதங்களுக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஏற்கவில்லையென்றால் காரணம் கூற வேண்டும் என்றும் 81-ஆவது பிரிவு சொல்கிறது. இவ்விரண்டும் உயிருடன் இயங்கினால் பாதிப் பேர் நீதிமன்றத்துக்கு வரவேண்டியதில்லை. வழக்கு வந்த பிறகும், கேட்கப்படும் உரிமை உச்ச நீதிமன்றத்தால் முன்பே உறுதி செய்யப்பட்டதா என்ற ஒரு கேள்விக்குச் சட்டப் பிரிவு எழுத்துமூலம் விடை தந்த பின்னரே பத்திவாரிக் குறிப்புரை தயாரிக்கப்பட வேண்டும். விடை 'ஆம்' என்றால், எதிர்த்து வாதிடாமல் ஆணை பிறப்பிக்கத் துறைத் தலைவருக்கு அதிகாரம் அளித்து ஓர் அரசாணை போதும். மேல்முறையீடு செய்யாமல் விட்டால் தணிக்கையில் கேள்வி வரும் என்ற அச்சத்தாலேயே பல அதிகாரிகள் தோற்கப்போவது தெரிந்தும் மேல்முறையீடு செய்கிறார்கள். அந்த அச்சத்தை அரசாணை ஒன்றால்தான் போக்க முடியும், தனி அதிகாரியின் நல்ல மனத்தால் அல்ல.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தபோது, உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொள்ளக் காரணமாக இருந்தது அன்று வெளிவந்த செய்திகளே. பத்திரிகைக்கு அந்த வலிமை உண்டு. தீர்ப்பு வரும் நாளில் ஒதுக்கும் இடத்தில் ஒரு பகுதியை, ஓராண்டு கழித்து அந்தத் தீர்ப்பு எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்திக்கும் தங்கள் நாளிதழ் ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சிறைகளில் மாற்றுத்திறனாளிக் கைதிகளின் நிலை குறித்து 2025 ஜூலை 15-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலிருந்து அதைத் தொடங்கலாம். தசைநலிவு நோயுள்ள வழக்கறிஞர் ஒருவர் சிறையில் தாம் பட்ட துன்பத்துக்காகத் தொடுத்த அந்த வழக்கில், உயர் நீதிமன்றம் வழங்கிய 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்ததோடு, சேர்க்கையின்போதே உடற்குறையைப் பதிவு செய்தல், சாய்தளம், பயன்படுத்தத்தக்க கழிப்பறை, இயன்முறைச் சிகிச்சை ஆகியவற்றுக்கும், மாநிலத்தின் எல்லாச் சிறைகளிலும் ஆறு மாதங்களுக்குள் அணுகல் தணிக்கை நடத்துவதற்கும் நீதிமன்றம் ஆணையிட்டது. அந்தத் தணிக்கையின் அறிக்கை எந்தெந்தச் சிறைக்கு என்ன சொல்கிறது, எந்தச் சாய்தளம் கட்டப்பட்டது, எது இன்னும் மதிப்பீட்டு நிலையில் நிற்கிறது என்பதை அரசு முழுமையாக வெளியிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.