அட்டைப்பட ஓவியரின் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த இதழ் அட்டைகள் பற்றிய கட்டுரை, ஃபிராங்க் கெல்லி ஃப்ரியாஸை ஒரே வரியில் கடந்துவிட்டது. அறிவியல் புனைவு, மாயப் புனைவு இதழ்களுக்கு ஓவியம் தீட்டிப் புகழ்பெற்ற அவர், 1950களின் பிற்பகுதியிலிருந்து சில ஆண்டுகள் அமெரிக்க நகைச்சுவை இதழான 'மேட்'டின் அட்டைகளையும் தீட்டினார். முன்பல் ஒன்றில்லாத ஆல்ஃபிரட் ஈ. நியூமன் என்னும் சிறுவனை 1956இல் அவ்வட்டைக்கு வண்ணத்தில் வரைந்தவர் நார்மன் மிங்கோ. ஃப்ரியாஸோ, இயந்திர மனிதனை நம்பும்படி காட்டப் பழகிய ஒளிநிழல் நுட்பம் முழுவதையும் அச்சிறுவனின் அசட்டுச் சிரிப்புக்குச் செலவிட்டார். கோட்டுச் சித்திரத்தின் கேலி பார்த்த கணமே முடிந்துவிடுகிறது. அதையே அரச குடும்பத்து உருவப்படத்துக்குரிய சிரத்தையுடன் தீட்டும்போது, அந்தச் சிரத்தையே நகைப்புக்குரியதாகிவிடுகிறது. (1953இல் அவர் ஓர் இதழட்டைக்கு வரைந்த இயந்திர மனிதனை, 1977இல் 'குயின்' இசைக்குழுவின் தட்டு உறைக்காக அவரே மாற்றி வரைந்தார்.)

எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் விகடன் தொடர்கதைகளைப் பைண்டு செய்து வைத்தவர்கள், மாலியும் கோபுலுவும் வரைந்த நகைச்சுவை அட்டைகளைப் பெரும்பாலும் கிழித்தெறிந்துவிட்டார்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களும் இதழ்களும் 1994இல் சென்னையில் நூலகமாயின. அத்தகைய கவனம் பிற வீடுகளில் அரிது. பழைய அட்டைகளை மறுபதிப்புச் செய்கையில், ஓவியர் பெயரையும் இதழின் ஆண்டையும் அடியில் அச்சிடும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி.