தம்பிகளுக்கு நிறம் கலக்கிறோம்

நாட்டிங்காம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். சீரியல் ஆரம்பித்துவிட்டால் அவர்களுக்கு மருந்தாவது ஒன்றாவது! இங்கே குளிர் வந்துவிட்டது, நாலரைக்கே இருட்டிவிடுகிறது. மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "இந்த வயதில் பொம்மைக்குப் பெயின்டா? அதுவும் துப்பாக்கி பிடித்த பொம்மை. பையனுக்கு வேறு பழக்கிவிடுகிறாயே" என்று கேட்டிருந்தாய். பழக்கியது நான் இல்லை, கவின்தான் என்னை இழுத்துவிட்டான். இந்த ஊரில் அதிலிருந்து தப்புவதும் கஷ்டம். மேஜை மேல் ஆடும் போர் விளையாட்டான வார்ஹாமருக்குப் பொம்மைகள் செய்யும் கேம்ஸ் வொர்க்ஷாப்புக்குத் தலைமையகம் இங்கேதான். சரித்திரப் படைவீரர்களை வார்க்கும் பெரி, வார்லார்ட் கம்பெனிகளும் இங்கேதான். பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு விண்வெளி வீரனைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அன்றோடு எங்கள் சாப்பாட்டு மேஜை போயிற்று. பாதி மேஜையில் இப்போது பெயின்ட் குப்பிகள், மீதியில்தான் சாப்பாடு. கல்யாணியிடம் இதைப் பற்றிக் கேட்டுவிடாதே.

ஒரு சிப்பாய் 28 மில்லிமீட்டர் உயரம். சுண்டுவிரலில் பாதி. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து நறுக்கி எடுத்து, அச்சு சேர்ந்த இடத்தில் நிற்கும் கோட்டை அரத்தால் ராவி, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். பிறகு பெயின்ட் பிடிப்பதற்கான ப்ரைமர் அடித்து, அடிநிறம் பூசி, அதன் மேல் வாஷ். இந்த வாஷ்தான் எனக்குப் பிடித்த இடம். நீர்க்கக் கரைத்த பழுப்பு மை, பூசிய உடனே தானாக ஓடிச் சட்டை மடிப்புகளிலும் கண் குழியிலும் தேங்கும். அதுவரை பிளாஸ்டிக்காக இருந்தது முகமாகிவிடும். நானாக இருந்தால் அதோடு நிறுத்திவிடுவேன். கவின் விடமாட்டான், மேடான இடங்களுக்கெல்லாம் மறுபடி வெளிச்சம் கொடுக்க வேண்டும் அவனுக்கு. கண்ணை மட்டும் வரைவதில்லை என்று இருவரும் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். இந்த அளவில் கண் வரைந்தால் எல்லோரும் பேயறைந்த மாதிரி முழிக்கிறார்கள்.

முதலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள்தான் செய்துகொண்டிருந்தோம். பெட்டிப் படமும் செய்முறைப் புத்தகமும் அவர்களுக்காகவே இருக்கின்றன, 'ஃப்ளாட் ஃப்ளெஷ்' குப்பியைத் திறந்தால் ரோஜா நிறத்தில் ஒரு தோல். அப்புறம் ஒரு நாள் அவனுக்கு மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் சுபேதார் சுப்ரமணியனைப் பற்றிச் சொன்னேன். உங்கள் காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ் ஒட்டிவாக்கத்துக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று, இத்தாலியில் மின்யானோ அருகே, கண்ணிவெடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட காயம்பட்டவர்களிடம் போகப் பாதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட வந்த லான்ஸ் நாயக்கின் காலடியில் ஒரு வெடி கிளம்பியது. அது மிதித்த கையோடு வெடிக்கும் ரகம் இல்லை, முதல் சத்தத்துக்கும் வெடிப்புக்கும் இடையில் சில நொடி உண்டு. அந்த நொடிகளில் சுப்ரமணியன் அதன் மேல் போய் விழுந்தார். அவர் போய்விட்டார், மற்றவர்கள் பிழைத்தார்கள். வீரத்துக்கான ஜார்ஜ் கிராஸ் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தார்கள். மெட்ராஸ் சாப்பர்களைப் பட்டாளத்தில் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள் என்றதும் கவினுக்குத் தாங்கவில்லை. "அப்போ தம்பிகளைச் செய்யலாம்ப்பா."

தம்பிகள் எந்தப் பெட்டியிலும் வருவதில்லை என்பதால் பிரிட்டிஷ் காலாட்படைப் பெட்டியையே வாங்கினோம். இத்தாலிக் குளிருக்கு முழுக்கால் கம்பளி உடுப்பு, தலையில் இரும்புத் தொப்பி, அதெல்லாம் அதிலேயே சரியாக இருக்கிறது. துப்பாக்கியை வெட்டிவிட்டு, பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியில் பிளாஸ்டிக் வில்லை ஒட்டிக் கண்ணிவெடி தேடும் கருவி செய்தான். அந்தக் கருவியை உருவாக்கியவர் பிரிட்டனுக்கு வந்திருந்த கொசாட்ஸ்கி என்ற போலந்து அதிகாரி என்பதை அவன்தான் எனக்குச் சொன்னான்.

நிறம்தான் படுத்தியது. ரோஜாத் தோலில் பழுப்பைக் கலந்தால் வெயிலில் கறுத்த வெள்ளைக்காரன்தான் வருகிறான். செம்பழுப்பில் ஆரம்பித்தோம். வெளிச்சத்துக்கு வெள்ளை சேர்த்தால் சாம்பல் பூத்து, ஆள் காய்ச்சல்காரனாகிவிடுகிறான். "கையைக் காட்டுங்கப்பா" என்று என் புறங்கையை விளக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். "ஒரே கலரா இல்லையே. முட்டியெல்லாம் கறுப்பு, நடுவில ஆரஞ்சு அடிக்குது" என்றான். ஆரஞ்சும் காவியும் கலந்து மூக்கிலும் கன்னத்திலும் தொட்டதும் வந்துவிட்டார், நம் ஊர் ஆள். அவர் இருந்த நாலாவது இந்திய டிவிஷனின் சின்னம் கறுப்புச் சதுரத்தில் செங்கழுகு. இந்தத் தோளில் அதற்குக் கடுகளவு இடம்கூட இல்லை. ஒரு கறுப்புப் புள்ளி, அதில் செந்நிறத்தில் ஒரு கீற்று. எட்ட நின்று பார்த்தால் கழுகு என்று நீ நம்பித்தான் ஆக வேண்டும்.

அவர் வெடிமேல் விழுவதைச் செய்யலாமா என்று கேட்டேன். "வேண்டாம்ப்பா, நடந்து போறதையே செய்வோம்" என்றான். வரிசையாக நடக்கிறார்கள், கடைசியில் ஸ்ட்ரெச்சர் தூக்கிக்கொண்டு இரண்டு பேர்.

உன் மகளும் தொடங்கப் போகிறாள் என்றாயே, நல்ல ப்ரஷ் இரண்டு நான் கொண்டுவருகிறேன். நுனி கூராக நின்றால் போதும், ரொம்பச் சின்ன ப்ரஷ் வேண்டாம், பெயின்ட் அதிலேயே காய்ந்துவிடும். நுனியை வாயில் வைத்துக் கூராக்க வேண்டாம் என்று சொல். ஸ்ப்ரே டப்பாவை விமானத்தில் ஏற்ற முடியாது, ப்ரைமரை அங்கேயே வாங்கிவிடு. மழைநாளில் மட்டும் அடிக்காதீர்கள், ஈரக்காற்றில் மாவு பூத்துவிடும்.

ஜனவரியில் வருகிறோம். கவினுக்குக் கீழ் ஒட்டிவாக்கம் போய்ப் பார்க்க வேண்டுமாம். கார் எல்லாம் ஏற்பாடு பண்ணிவிடாதே, உன் பைக் போதும். தேதியை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
ரவி